பெஞ்சைத் தூக்கவைத்த அக்கா

குயில் கூவுகிறது என்று புகார் கொடுத்த ஒரு தமிழச்சியை எனக்குத் தெரியும். ஜாலான் புசாரிலிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நடந்து போகிற வழியில் எங்கள் அடுக்குமாடி புளோக். அதில் மூன்றாம் மாடியில், லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் முதல் வீடு அவருடையது. கடைசி வீடு எங்களுடையது. நாங்கள் அவரை அக்கா என்போம். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் கீழ்மாடி மலாய்க்காரப் பாட்டி மக்சிக்கும்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவருடைய பெயர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிடுது லா. மனுஷன் தூங்க வேணாமா? நம்ம காசுல மரம் நட்டு, அதுல ஏறி உக்காந்துக்கிட்டு நம்மளையே எழுப்புது" என்றார் குயிலைப் பற்றி. குடியிருப்புப் பேட்டையைப் பராமரிக்கிற அலுவலகத்தை நாங்கள் எஸ்டேட் ஆபீஸ் என்போம். அங்கே படத்தோடு எழுதிப் போட்டார். படத்தில் குயில் இல்லை, மரம் மட்டும்தான் இருந்தது. குயிலைப் பிடித்து என்ன விசாரிக்க முடியும்? ஆட்கள் வந்து மரத்தின் கிளைகளை வெட்டிவிட்டுப் போனார்கள். குயில் எதிர் புளோக் மரத்துக்குக் குடிபோனது. அங்கே கூவினால் இரண்டு புளோக்குக்கும் நடுவில் எதிரொலித்து முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது. நிழல் போனதுதான் மிச்சம். கீழே பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள் வெயிலில் காய்ந்தார்கள்.

அக்கா இதையெல்லாம் புகார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "நான் கம்ப்ளைன் பண்ற ஆள் இல்ல. ஃபீட்பேக் குடுக்கறேன். குடுத்தாத்தானே அவங்களுக்குத் தெரியும்?" ஆஸ்பத்திரியில் அப்பாயிண்ட்மெண்ட் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே எத்தனை பேரைக் காக்க வைத்திருப்பாரோ தெரியாது, எஸ்டேட் ஆபீஸ் அவரைக் காக்க வைத்தால் மட்டும் பொறுக்காது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் காட்டன் சேலையும் கையில் பெரிய குடையுமாகக் கீழே வருவார். வாக்கிங் என்று பெயர். உண்மையில் அது ரோந்து. நடப்பார், நிற்பார், போனைத் தூக்கிப் படம் எடுப்பார், அடுத்த குற்றவாளியைத் தேடிப் போவார்.

கல் மேசையில் சதுரங்கம் ஆடுகிற சீனத் தாத்தாக்கள் காயை ஓங்கி வைக்கிறார்கள் என்று ஒரு ஃபீட்பேக். மேசை போயிற்று. பையன்கள் பந்து உதைக்கிறார்கள் என்று இன்னொன்று. பந்து விளையாடக் கூடாது என்ற பலகை வந்தது. பாதையோரம் இருந்த வெள்ளைப் பூ மரத்தில் ராத்திரி வாசனை வருகிறதாம், அந்த வாசனைக்குப் பேய் வருமாம். மலாய்க்காரர்கள் சொல்கிற கதையைப் பிடித்துக்கொண்டு, ஆபீசுக்குப் பேய் என்று எழுத முடியாதே, 'அலர்ஜி' என்று எழுதினார். மரத்தைப் பெயர்த்து எங்கோ கொண்டுபோனார்கள். தானும் தின்னாது, தள்ளியும் படுக்காது என்பார்களே, அந்த ஜாதி. அக்கா அந்த மேசையில் உட்கார்ந்தவருமில்லை, அந்தப் பூவைப் பறித்தவருமில்லை.

இத்தனைக்கும் அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். புளோக்குக்குப் பின்னால் கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வடிகால், அதில் மிதக்கிற பிளாஸ்டிக் பை. அரசாங்கம் பணத்தைப் போட்டு வேலியை எடுத்து, பாதை போட்டு, மரம் வைத்து, கால்வாய் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. அங்கிருந்து பெரிய ரோட்டை எட்டிப் பார்க்கலாம். பாதை திறந்த அன்று அக்காவும் இலவச மைலோ குடித்தார். குடித்துவிட்டு, "ஒரு பாதைக்கு இவ்ளோ செலவா? இதுக்குப் பதிலா லிஃப்டுல ஏர்கான் போட்டிருக்கலாம். நடக்கறதுக்கு எதுக்குமா பாதை, கால் இருந்தா போதாது?" என்றார்.

கால் இருந்தால் போதாது என்று எனக்குக் கொஞ்ச காலத்திலேயே தெரிந்துபோனது.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டினார். ஒருநாள் காலையில் குளியலறையிலிருந்து வெளியே வந்தவர் சுவரைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் குழறிவிட்டது. நான் கத்திய கத்தலுக்கு முதலில் ஓடி வந்தவர் அக்கா. அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிப்போகும். ஆம்புலன்சுக்கு அவர்தான் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டரில் யாரை அதட்ட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் வார்டில் இருந்த நாளெல்லாம் விரால் மீன் சூப் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். புண்ணுக்கும் நரம்புக்கும் விராலைவிட்டால் மருந்தில்லை என்பது அவர் கட்சி. டாக்டரிடமும் அதையே சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டுப் போனார்.

அதுதான் அக்கா. நம் வாசற்படிக்குள் வந்தால் அவரைப்போல ஒரு மனுஷி கிடையாது. தீபாவளிக்கு அவர் செய்கிற முறுக்கு எங்கள் மாடியில் எல்லா மதத்துக்காரர் வீட்டுக்கும் போகும். பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி போகும். யாராவது கேட்டு வந்தால் இல்லை என்று அவர் வாயில் வந்ததே இல்லை. கேட்காமல், யாருடைய தயவும் இல்லாமல், எவனோ ஒருவன் எதையாவது அனுபவித்துவிட்டுப் போவதைத்தான் அவரால் தாங்க முடியாது.

ஆஸ்பத்திரியில் தெரப்பி கொடுத்தது ஒரு தமிழ்ப் பெண். வீட்டுக்கு அனுப்பும்போது அவள் சொன்னாள்: "ஆண்ட்டி, அங்கிள் டெய்லி நடக்கணும். நடந்து, உக்காந்து, மறுபடி நடக்கணும். வீட்டுக்குள்ள சுத்தினா பத்தாது. ரெஸ்ட் எடுக்க இடம் இருக்கற ரூட்டா பாத்துக்கோங்க. நடக்கறத விட்டுட்டா இருக்கற பலமும் போயிடும்."

அந்த ரூட் எங்கள் புளோக்குக்குப் பின்னாலேயே இருந்தது. கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. பாதையின் நடுவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இன்னொன்று. கால்வாய் முனையில் கடைசிப் பெஞ்சு. அந்தக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தால் பெரிய ரோட்டில் பஸ் போவது தெரியும். என் வீட்டுக்காரருக்கு அது போதும். முதல் நாள் தபால் பெட்டிவரை போனார். பல வாரம் கழித்து மரத்தடிவரை. பிறகு ஒருநாள், அங்கே நன்றாக மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டு, ஊன்றுகோலைத் தரையில் தட்டி, "போ...லாம்" என்றார். முனைவரை போய்விட்டோம். சிக்னலில் நின்ற பஸ்ஸிலிருந்து பழைய கூட்டாளி ஒருவர் அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன்.

அதற்கப்புறம் அது அவருடைய வேலை ஆகிவிட்டது. நான் ஜாலான் புசாரில் ஒரு சின்ன ஹோட்டலில் அறைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். மதியம் நான் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலம் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, பஸ் பார்க்கப் போவார். பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு. இந்தப் பூங்காவால் என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் அந்தச் சீவிய தலையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மரத்தடிப் பெஞ்சில் ஆட்கள் இருப்பார்கள். ஊரிலிருந்து வந்து கிராஞ்சிப் பக்க விடுதிகளில் தங்கிக் கட்டட வேலை செய்கிற பிள்ளைகள், தேக்காவில் சாமான் வாங்கிவிட்டு, ஊருக்குப் போன் பேசிக்கொண்டு, கால் நீட்டிக் கொஞ்சம் படுப்பார்கள். வாரம் முழுக்க லாரியில் போய் லாரியில் வருகிறவர்கள். என் வீட்டுக்காரர் தூரத்தில் வரும்போதே ஒருவன் இன்னொருவனைத் தட்டுவான்: "அய்யா வர்றாருடா, எந்திரி." எழுந்து பெஞ்சைக் கையால் துடைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களில் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவன், இவர் உட்கார்ந்ததும் ஊன்றுகோலை வாங்கி மரத்தில் சாய்த்துவைப்பான். இடம் போதவில்லை என்று யாரும் சண்டை போட்டதில்லை.

அக்கா மாடியிலிருந்து இதைப் பார்த்தார். எழுந்து இடம் விட்டதை விட்டுவிட்டு, படுத்திருந்ததை மட்டும் பார்த்தார்.

"கால நீட்டிப் படுத்திருக்கான் பாரு. நம்ம காசுல போட்ட பெஞ்சு. நம்ம வீட்டுப் பொம்பளைப் பிள்ளைங்க எப்படி அந்தப் பக்கம் போகும்?"

"எந்தப் பிள்ளைக்கா? நம்ம புளோக்ல பிள்ளைங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை மால்ல இல்ல இருக்குதுங்க?"

"நீ சும்மா இரு. இன்னைக்குப் படுப்பான், நாளைக்கு சமைப்பான்."

இதே அக்கா ஒரு தைப்பூசத்தன்று தன் அப்பா கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கப்பலில் வந்து இறங்கியவருக்குத் தங்க இடமில்லையாம். சிராங்கூன் ரோட்டில் கடைக்கு முன்னால் இருக்கிற ஐந்தடி நடைபாதையில், சாக்கை விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தாராம். அப்படிப் படுத்து எழுந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாராம். நான் கேட்டேன்: "அப்ப யாரும் அவரப் படம் புடிச்சு ஃபீட்பேக் குடுக்கலையா அக்கா?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது வேற காலம். அவங்கள்லாம் வேற மாதிரி ஆளுங்க" என்றார். அப்பாவுக்கு ஒரு நியாயம், அறந்தாங்கிப் பையனுக்கு ஒரு நியாயம்.

ஒருநாள் மரத்தடிப் பெஞ்சு இல்லை. சிமெண்டில் போல்ட்டின் அடித்தடம் மட்டும் இருந்தது. மரத்தில் நான்கு மொழியில் அறிவிப்பு தொங்கியது. மூத்த குடிமக்களின் பாதுகாப்பையும் வசதியையும் கருதி, குடியிருப்பாளர்களின் கருத்துக்கிணங்க இருக்கை அகற்றப்பட்டுள்ளது. எங்கள் புளோக்கில் அந்தப் பெஞ்சில் தினமும் உட்கார்ந்த ஒரே மூத்த குடிமகன் என் வீட்டுக்காரர்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பூசாரி, கொடுத்த வரத்தையே பிடுங்கிக்கொண்டு, உன் நன்மைக்குத்தான் என்று எழுதியும் ஒட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க மழை, அவர் கீழே இறங்கவில்லை, அதனால் எங்களுக்கு அது தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் உடன் போன நாள், மரத்தடிவரை வந்துவிட்ட பிறகுதான் பார்த்தோம். அதற்குள் என் வீட்டுக்காரருக்குக் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. திரும்பிப் போகவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன பிடித்தும் தாங்காமல் அப்படியே வழுக்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் கனத்துக்கு என்னால் தூக்க முடியவில்லை. புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் சோற்றுக் கையோடு ஓடி வந்தார்கள்.

"அய்யா, பயப்படாதீங்க. எந்தோள்ல கையப் போடுங்க" என்றான் அறந்தாங்கிப் பையன். "டேய், அந்தப் பக்கம் இடுப்பப் புடிடா. அக்கா, நீங்க தள்ளிக்கங்க, நாங்க பாத்துக்கறோம்."

இரண்டு பேரும் அவரைக் கைத்தாங்கலாக லிஃப்ட்வரை கொண்டுவந்து விட்டார்கள். வழியில் அந்தப் பையன் என்னிடம் கேட்டான்: "எங்களாலதான் பெஞ்ச எடுத்துட்டாங்களாக்கா? நாங்க வேற எடத்துக்குப் போயிடறோம்னு சொல்லிப் பாருங்களேன். அய்யாவுக்காவது போடட்டும்." என் முகம் எரிந்தது. அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அதே எரிச்சலோடு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

நடந்ததைக் கேட்டு அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும். "அய்யோ, தம்பிக்கு அடி ஏதும் படலையே?" என்று செருப்பைப் போடாமல் எங்கள் வீட்டுக்கு ஓடினார். எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னார். சூப் வைக்கிறேன் என்றார்.

"அக்கா, சூப்பு வேணாம். பெஞ்ச எடுக்கச் சொன்ன மாதிரி திரும்பப் போடச் சொல்லுங்க. நீங்க சொன்னா செய்வாங்க."

"பெஞ்சு எதுக்குமா? போட்டா மறுபடி அவனுங்கதான் வந்து படுப்பானுங்க. நீ கவலப்படாத. தம்பிக்கு நான் இருக்கேன்."

சொன்னபடியே இருந்தார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வாசலில் ஒரு புத்தம் புதிய வீல்சேர் வந்து நின்றது. சாதாரணமானது இல்லை. மடக்கலாம், பிரேக் உண்டு, மெத்தை உண்டு. முழுக்க அவர் கைக்காசு. கோயிலில் அர்ச்சனை செய்த தேங்காய் மூடியும் வந்தது. கைப்பிடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பச் சரம் சுற்றி, புது வண்டிக்குச் செய்வதுபோல முன் சக்கரம் இரண்டுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். காரிடாரில் கற்பூரம் ஏற்றிச் சுற்றினார். சீனக் கிழவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். மக்சிக் போனில் படம் எடுத்தார்.

"தம்பி, வந்து உக்காருங்க. எலுமிச்சம்பழத்து மேல ஒருதரம் ஏத்தி எறக்கினா எல்லா திருஷ்டியும் போயிடும். அப்புறம் நேரா கால்வாய் வரைக்கும் போங்க, எவ்ளோ பஸ் வேணும்னாலும் பாருங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர் அந்தச் சக்கரங்களைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். வாய் கோணி, வார்த்தை வருவதற்குள் அவர் முகம் வியர்த்துவிட்டது.

"நா... நடப்பேன்" என்றார்.

"நடங்க தம்பி, யாரு வேணாம்னா? முடியாதப்ப உக்காந்துக்கலாம்ல?"

"பெஞ்சு" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா முகம் சிறுத்துப்போனது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள் என்று மாடி முழுக்கச் சொன்னார். அதிலும் அவருக்கு நியாயம் இருந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள். இத்தனை விலையுள்ள பொருளைச் சும்மா கொடுத்தால், ஒரு பெஞ்சைக் கேட்டு முரண்டு பிடிக்கிறார்களே! அந்த நாற்காலி எங்கள் வீட்டு ஹாலில் நின்றது. நான் அதில் துவைத்த துணியை மடித்துவைத்தேன். உள்ளுக்குள் ஒரு மட்டமான சந்தோஷம்.

எஸ்டேட் ஆபீசுக்கு நானும் போன் போட்டேன், எழுதினேன். மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கிப் பார்த்தேன். அது தாழ்வாக இருந்தது, உட்கார்ந்தால் அவரால் எழ முடியவில்லை. ஒரு கையில் அவரையும் மறு கையில் ஸ்டூலையும் பிடிக்க எனக்கும் முடியவில்லை. கடைசியில் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயசு, நல்ல பையன், எதையும் முடிவு செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். புளோக்கின் அடியில் தூண்கள் மட்டும் நிற்கிற வாய்ட் டெக்கில் எங்களைக் கூட்டினார். எடுக்கச் சொல்லியும் ஃபீட்பேக் வந்திருக்கிறது, போடச் சொல்லியும் வந்திருக்கிறது, அதனால் குடியிருப்பாளர்களின் விருப்பத்தை அறிய விரும்புகிறோம் என்றார்.

அக்கா வெறுங்கையோடு வரவில்லை. உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாஃப் பொரித்துக்கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் சூடாகக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், அதிகாரிக்கு இரண்டு.

"மரத்தடியில பெஞ்சு திரும்ப வேணும்கறவங்க கையத் தூக்குங்க" என்றார் அதிகாரி, முதலில் ஆங்கிலத்தில், பிறகு மலாயில், பிறகு தடுமாறித் தமிழில்.

நான் தூக்கினேன். என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கினார். மற்றவர்கள் எல்லாம் கறிபாஃபைப் பார்த்தார்கள். மக்சிக்கின் பேத்தி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்தவள். மக்சிக் பாதிக் கையைத் தூக்கி, அக்கா பக்கம் பார்த்து, அந்தக் கையாலேயே தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். சீனக் கிழவர் சதுரங்க மேசையைப் பறிகொடுத்தவர். அவரும் தூக்கவில்லை. அக்கா கையால் கஞ்சி குடித்தவர் எப்படித் தூக்குவார்? ஒருவர்கூட அக்காவுக்குப் பயப்படவில்லை. எல்லோரும் அவரிடம் எதையோ வாங்கித் தின்றிருந்தார்கள், அதுதான் விஷயம். ஒரு வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு தெருவையே விலைபேசிவிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் தபால் பெட்டிவரை போய்த் திரும்பினார். மரத்தடிவரை போக நான் விடவில்லை, அவரும் ஒருதரம் விழுந்த பயத்தில் கேட்கவில்லை. கொஞ்ச நாளில், "அங்க என்ன இருக்கு" என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு அதற்கும் போவதை நிறுத்தினார். தலை சீவுவதையும் நிறுத்தினார். ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் புளோக்தான் தெரியும், ரோடு தெரியாது. தெரப்பிப் பெண் சொன்னதுபோல் இருந்த பலமும் இறங்கியது. கடைசியில் அக்கா வாங்கிக்கொடுத்த நாற்காலியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. பழைய கூட்டாளிகள் கண்ணில் அப்படிப் பட மாட்டேன் என்று கால்வாய்ப் பக்கம் மட்டும் வரவே மறுத்துவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததைக் கண்டு அக்கா சந்தோஷப்பட்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். எனக்கு அவரை அப்படியே உலுக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த வருஷம் இன்னொரு வாதம் வந்து அவர் போய்விட்டார். பெஞ்சு இல்லாததால் செத்தார் என்று சொன்னால் அது பொய். சாவு எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார், நானும் நம்புகிறேன். ஆனால் கடைசி வருஷம் முழுக்க அவர் ஒரு பஸ்ஸைக்கூடப் பார்க்கவில்லை. அதை அவரிடமிருந்து எடுத்தது யமன் இல்லை.

அவர் உடலை வாய்ட் டெக்கில்தான் வைத்தோம். நான் ஒரு வேலையும் செய்யவில்லை, செய்ய அக்கா விடவில்லை. பெட்டிக்காரர், பந்தல்காரர், பண்டாரம், எல்லோருக்கும் அவரே சொல்லி அனுப்பினார். எனக்கு வாயில் காபியை ஊற்றினார். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைவிட அதிகம் அழுதார். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வருகிற ஜனத்துக்கு நாற்காலி போட ஆரம்பித்தார். தூணுக்குத் தூண் வரிசை வரிசையாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். போதாமல் இன்னும் வரவழைத்தார். வருகிறவர் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேக்காவிலிருந்து வந்த பிள்ளைகள் பந்தலைப் பார்த்திருக்கிறார்கள், வாசலில் வைத்திருந்த படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அறந்தாங்கிப் பையனும் இன்னும் சிலரும் பையைக் கீழே வைத்துவிட்டு ஓரமாகத் தூணருகில் வந்து நின்றார்கள். ஒருவரும் உட்காரவில்லை. அக்கா அவர்களைப் பார்த்துவிட்டு வேகமாகப் போனார். விரட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் தம்பி நிக்கிறீங்க? உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. காப்பி குடிச்சீங்களா?" என்றார்.

பையன்கள் கூசிக்கொண்டே விளிம்பில் உட்கார்ந்தார்கள். அக்கா என் பக்கத்தில் வந்தார். இடம் முழுக்கக் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தேன். எனக்கு என்ன வந்ததோ, அழுகை நின்றுவிட்டது.

"அக்கா, இதுல ஒரு நாற்காலிய அந்த மரத்தடியில விட்டிருக்கலாமே" என்றேன்.

அவர் என் தோளைத் தடவினார். குரலில் அவ்வளவு பிரியம். "வீல்சேரே வாங்கிக் குடுத்தேன், ஒரு நாற்காலிக்கா யோசிப்பேன்? என்னைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேமா."

"யாரையும் கேக்காம உக்காரத்தான்க்கா அந்தப் பெஞ்ச அங்க போட்டிருந்தாங்க."

அக்காவுக்கு அது காதில் விழுந்தது. தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, வாசலில் இன்னும் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, நாற்காலி எடுத்துவரப் போய்விட்டார்.